ஒரே அறையில் இரண்டு சம்பந்திகள்

பிரேக்கம்மா என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. ஆனால் வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அடுத்த தெருக்காரருக்குக்கூட ஆள் தெரியாது. பிரேக்கம்மா என்றால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். வண்டி ஓட்டக் கற்றுத்தரும் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் மிதித்து நிறுத்த வேண்டியது. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே இருபது வருஷத்துக்கு மேல் காலத்தை ஓட்டியவள் அவள்.

அந்த வேலைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. கணவன் இறந்தபோது மகள் மூன்றாம் வகுப்பு. டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கவும் நேரம் ஒதுக்கிக் கொடுக்கவும் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். ஒரு நாள் கற்றுக்கொடுக்கிறவர் காய்ச்சல் என்று வரவில்லை. கற்றுக்கொள்ள வந்த பெண்மணியோ, இன்றைக்கு விட்டால் இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். இவள் போனை வைத்துவிட்டு எழுந்து, சாவி எங்கே என்று கேட்டாள். லைசென்ஸ் இருந்தது, கணவனின் சரக்கு வேனில் பழகிய கை. அன்றைக்குப் போய் உட்கார்ந்தவள்தான். அடுத்த வாரமே, அந்தம்மா வந்தால்தான் வருவோம் என்று பெண்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மற்றவர்களைப் போல "பயப்படாதீங்க" என்று அவள் சொல்வதில்லை. "பயந்துக்கிட்டே ஓட்டுங்க, பரவாயில்ல. கண்ணாடிய மட்டும் பாருங்க" என்பாள்.

முதலில் முடிவெடுத்துவிட்டு அப்புறம் யோசிப்பது அவள் சுபாவம். அந்தச் சுபாவம் தன்னைக் கைவிட்டதே இல்லை என்று சொல்லிக்கொள்வாள். கைவிட்ட இடங்களை அவள் சேர்த்துக்கொள்வதில்லை.

அவளைக் கப்பல் ஏற்றியது மருமகனின் கணுக்கால். மகளும் மருமகனும் வாரக்கடைசிக்கு ஓர் உல்லாசக் கப்பலில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி, சனிக்கிழமை ஒரு தீவில் நின்று, ஞாயிறு காலை அதே துறைமுகத்துக்குத் திரும்பிவிடும் கப்பல். அதற்கு முந்தின வாரம் மருமகன் பூப்பந்து ஆடப் போய், பந்தை விட்டுவிட்டுத் தரையை அடித்து விழுந்தான். காலில் மாவுக்கட்டு. பயணத்தை ரத்து செய்ய வழியில்லை, வேண்டுமானால் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று கப்பல் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

மகள் அம்மாவைத் தேடி வந்தாள். சனி ஞாயிறில்தான் தனக்குக் கூட்டம் அதிகம், முதலாளி விடமாட்டார் என்று பிரேக்கம்மா ஆரம்பித்தாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதையேதான் சொல்கிறாய் என்று மகள் மடக்கினாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சரி என்று சொன்னாள். சொன்ன பிறகுதான், இரண்டு பேருக்கான அறையாயிற்றே, கூட யார் என்று கேட்டாள்.

"அத்தைதாம்மா. வேற யாரு?"

அத்தை என்று மகள் சொன்னது தன் மாமியாரை. அதாவது பிரேக்கம்மாவின் சம்பந்தி.

அவர்கள் இருவருக்கும் சண்டை கிடையாது. சண்டை போடும் அளவுக்குப் பழக்கமும் கிடையாது. கல்யாணமாகி நான்கு வருஷத்தில் வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க, போய்ட்டு வாங்க என்பதைத் தாண்டி அவர்கள் பேச்சு நகர்ந்ததில்லை. தளும்பத் தளும்ப நிரம்பிய பாத்திரத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போவதுபோல அந்த உறவை இருவரும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சம்பந்தியம்மா ஒல்லியான மனுஷி. நறுவிசாகச் சேலை கட்டுவார். எதைச் சொன்னாலும் வாயைத் திறக்காமல் உதட்டளவில் ஒரு புன்னகை. சிரிப்பைக்கூட முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்கிற ரகம் என்று பிரேக்கம்மா நினைத்திருந்தாள். வீட்டுக்காரர் பெரிய அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற சம்பந்தியைப் பார்த்தால் அப்படித்தான் சிரிக்கத் தோன்றும்போல என்று ஒரு சின்ன முள் அவளுக்குள் இருந்தது. அது குத்தும்போதெல்லாம் இரண்டு மடங்கு மரியாதையாகப் பேசித் தீர்த்துக்கொள்வாள்.

ஆனாலும் சரி என்று சொன்னது சொன்னதுதான். கப்பல் கம்பெனி அனுப்பிய விதிமுறைகளை மகளின் போனில் வாங்கி, சாலை விதிகளைப் படிப்பது போல ஒரு வரி விடாமல் படித்தாள். ஆளுக்கு ஒரு சக்கரப் பெட்டி, ஒரு கைப்பை. பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அறைக்கு வர மாலையாகிவிடும். ஆகவே மாத்திரை, அடையாள அட்டை, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், கத்தி எதுவும் கூடாது. மேல்தளத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், ஸ்வெட்டர் கட்டாயம். செருப்பு வழுக்காததாக இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு விருந்துக்கு ஒரு நல்ல உடுப்பு. மகள் தன்னுடைய பளபளப்பான நீள அங்கி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அதைப் போட்டால் சோபாவுக்கு உறை போட்டது மாதிரி இருப்பேன் என்று சொல்லிவிட்டு, தன் கறுப்பு பேண்டையும் சந்தன நிறச் சட்டையையும் எடுத்து வைத்தாள். மகளின் கல்யாணத்தன்று சேலை கட்டியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

பெட்டி மகளுடையது. சக்கரம் எப்படி உருள்கிறது என்று பார்க்க, காலியாகவே அதை இழுத்துக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தாள். எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து, ஊருக்குக் கிளம்பிவிட்டீர்களா என்று விசாரித்தார். "இல்லீங்க, வண்டி ஓட்டிப் பார்க்கிறேன். லேசா இடது பக்கம் இழுக்குது" என்றாள். சக்கரத்தில் நூல் சுற்றியிருந்தது. கத்தரித்து எடுத்ததும் நேராக ஓடியது.

இதையெல்லாம் தினமும் சம்பந்தியம்மாவுக்குப் போனில் சொன்னாள். ஸ்வெட்டர் எடுத்துக்குங்க என்றால், சரிங்க சம்பந்தி. தலைசுற்றலுக்கு மாத்திரை வாங்கிட்டேன் என்றால், சரிங்க சம்பந்தி. ஜன்னல் பக்கத்துக் கட்டில் உங்களுக்கா எனக்கா என்றால், அதற்கும் சரிங்க சம்பந்தி. பிரேக்கம்மாவுக்கு இது பிடிபடவில்லை. அவள் அனுபவத்தில், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர்கள்தான் கடைசியில் சுவரில் கொண்டுபோய் இடிப்பார்கள்.

நினைத்தது போலவே ஆயிற்று. புதன்கிழமை மத்தியானம் மகள் போன் செய்தாள். அத்தை வரவில்லையாம். மாமாவுக்கு நெஞ்சு படபடப்பாக இருக்கிறதாம், விட்டுவிட்டு வர மனசில்லையாம்.

பிரேக்கம்மா கடைசி வகுப்பை முடித்துவிட்டு, கூரைமேல் பெரிதாக ஸ்கூல் பலகை வைத்த காரையே எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று தயார் செய்துகொண்டாள். அவள் கணிப்பு தெளிவாக இருந்தது. பொண்டாட்டி ஒரு எட்டு வெளியே வைத்தால் போதும், இந்த ஆம்பளைகளுக்கு எங்கிருந்தோ ஒரு வலி வந்துவிடும். தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனுஷனாக இருப்பார். மரியாதைக் குறைவில்லாமல், ஆனால் உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வருவது என்று முடிவு செய்தாள்.

கதவைத் திறந்தது சம்பந்திக்காரர். கையில் பாதி கடித்த ஆப்பிள். பனியனுக்கு மேல் சமையல் ஏப்ரன் கட்டியிருந்தார்.

"வாங்க சம்பந்தியம்மா, வாங்க. என்ன இந்த நேரத்துல?"

"உங்களுக்கு நெஞ்சு படபடப்புன்னு சொன்னாங்க. இப்ப எப்படி இருக்கு?"

அவர் ஆப்பிளை மெல்லுவதை நிறுத்தினார். "எனக்கா?" என்றார். பிறகு தன் நெஞ்சைத் தானே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர், எங்கே பேச வேண்டும், எங்கே நழுவ வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "நீங்க உள்ள போங்க. நான் டீ போடறேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து டப்பா திறக்கும் சத்தமும் அடுப்புப் பற்றவைக்கும் சத்தமும் தட்டுத்தடுமாற்றம் இல்லாமல் வந்தன. எங்கே எது இருக்கிறது என்று தெரிந்த கையின் சத்தம் அது. வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த நாலு வார்த்தையையும் பிரேக்கம்மா அங்கேயே விழுங்கினாள்.

படுக்கையறையில் சம்பந்தியம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டில் நிறையச் சாமான். நடுவில் ஒரு பெரிய பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. சுற்றிலும் மடித்த துணிகள், பழைய மழைக்கோட்டு, டார்ச் லைட், வெந்நீர்ப் பை, ஒரு தலையணை, பிளாஸ்டிக் டப்பாக்கள். எல்லாவற்றையும் எடுத்து வைத்து, எதையும் பெட்டிக்குள் வைக்காமல் விட்டிருந்தார்.

சம்பந்தியம்மா எழுந்து கதவைச் சாத்தினார். "பொய் சொல்லிட்டேன் சம்பந்தி. அவருக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

"அதான் பார்த்தேனே. ஆப்பிள் சாப்பிடறாரு. சொல்லுங்க, என்னோட வர இஷ்டமில்லையா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

"இஷ்டமில்லைன்னாலும் தப்பில்ல. எம்மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

சம்பந்தியம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு, கைக்குப் பின்னால் இருந்து பேசினார்.

"எனக்கு மேல்வரிசைப் பல்லு ஒண்ணுகூட என்னோடது இல்ல. பல்செட்டு."

சின்ன வயதிலேயே ஈறு கெட்டு, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதாகிவிட்டதாம். மகன் அப்போது கைக்குழந்தை. ராத்திரி படுக்கும்போது கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவார், விடிவதற்கு முன் மாட்டிவிடுவார். மகனுக்குத் தெரியாது. மருமகளுக்குத் தெரியாது. புருஷனுக்குப் பல்செட் இருப்பது தெரியுமே தவிர, அது இல்லாத முகத்தை அவருக்கும் காட்டியதில்லை. கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இரண்டு கட்டில் போட்ட அறையில், அதுவும் சம்பந்தி முன்னால் எப்படி என்று யோசித்து யோசித்து, மாட்டிக்கொண்டே தூங்கிவிடலாம் என்று வீட்டில் சோதனை பண்ணிப் பார்த்தாராம். ஈறு வீங்கிவிட்டது.

"அதனாலதாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க எதுக்கும் கூச்சப்படாத ஆளு. உங்களுக்கு இதெல்லாம் சிரிப்பா இருக்கும்."

நான்கு வருஷமாக அந்த மூடிய உதட்டைப் பார்த்துப் பிரேக்கம்மா கட்டிவைத்த கதையெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. கர்வம் என்று நினைத்தது கர்வமில்லை. தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தன் முன்னால் சிரிக்கவே பயந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது அவளுக்கு. ஆனால் வெட்கத்தை வைத்துக்கொண்டு அங்கே நின்றால் சம்பந்தியம்மாவுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. இதெல்லாம் ஒரு விஷயமா என்று சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. சுவரில் இடித்துவிட்டு நடுங்குகிற ஆளிடம், இது ஒன்றுமில்லை என்று சொன்னால், அந்த ஆள் அடுத்த நாள் வகுப்புக்கு வர மாட்டார். அதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

கட்டிலில் கொஞ்சம் இடம் ஒதுக்கி உட்கார்ந்தாள்.

"நான் குறட்டை விடுவேன்" என்றாள்.

சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"சும்மா கொர்ருன்னு இல்ல. லாரி மேடு ஏறுற மாதிரி. என் பொண்ணு வெளியூர்க் காலேஜ்ல சேர்ந்தது படிப்புக்காகன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. தூக்கத்துக்காக. உங்க பையனுக்குக்கூட இது தெரியாது, நானும் சொல்லாமத்தான் வச்சிருந்தேன். இப்பச் சொல்லுங்க, யாரு யாருக்குப் பயப்படணும்?"

சம்பந்தியம்மாவின் கைக்குப் பின்னால் ஏதோ குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றே பிரேக்கம்மா நினைத்தாள். பிறகு கை விலகியது. வாய்விட்டுச் சிரிக்கிறார். பல்வரிசை என்னவோ பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் பூட்டி வைத்தது வீண் என்று பிரேக்கம்மா அப்போதே சொன்னாள்.

"நீங்க முதல்ல விளக்கை அணைங்க. நான் சுவத்துப் பக்கம் திரும்பிக்கறேன். காலையில நான் எழுந்திருக்கிறதுக்குள்ள நீங்க குளிச்சே முடிச்சிருப்பீங்க. அதுக்கு மேல நான் பார்த்துட்டாலும் என்ன, கப்பல் கவுந்துடுமா?"

கதவு தட்டப்பட்டது. சம்பந்திக்காரர் ஒரு தட்டில் இரண்டு கோப்பைகளோடு நின்றார். "நெஞ்சுவலிக்காரன் டீ போட்டிருக்கேன். சர்க்கரை சரியா இருக்கான்னு பாருங்க" என்றார். சரியாகவே இருந்தது. ஏலக்காய்கூடத் தட்டிப் போட்டிருந்தார். இவருக்குச் சமைக்கத் தெரியாது என்றல்லவா நினைத்தேன் என்று பிரேக்கம்மா வாய்விட்டே சொல்லிவிட்டாள். தெரியும், நான்தான் அடுப்புப் பக்கம் விடமாட்டேன், இந்த வாரம்தான் போனால் போகட்டும் என்று விட்டிருக்கிறேன் என்றார் சம்பந்தியம்மா, கொஞ்சம் விறைப்பாக.

சம்பந்திக்காரர் கோப்பைகளை வைத்துவிட்டுப் போகிற போக்கில், ஏப்ரன் பையில் இருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து மனைவியின் துணிகளுக்கு மேல் வைத்தார். பல்செட் சுத்தம் செய்கிற மாத்திரை. "பழசு தீரப்போகுது. கப்பல்ல கிடைக்காது, அதான் வாங்கி வச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அந்த மாத்திரைகளைச் சம்பந்தியம்மா குளியலறை அலமாரியில், பழைய ஷாம்பு பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது வழக்கமாம். எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதுவரை அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. சம்பந்தியம்மா அந்த அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிரேக்கம்மா டீயைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

பிறகு இருவரும் பெட்டி அடுக்க உட்கார்ந்தார்கள். அப்போதுதான் பிரேக்கம்மாவுக்குச் சம்பந்தியின் இன்னொரு முகம் தெரிந்தது. சரிங்க சம்பந்தி என்ற சொல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வெந்நீர்ப் பை வேண்டாம் என்றால், உங்களுக்கு முட்டி வலித்தால் கடலில் போய் யாரைக் கேட்பீர்கள் என்றார். துணியைச் சுருட்டி வைத்தால் இடம் மிச்சம் என்று பிரேக்கம்மா செய்து காட்டினாள். சுருட்டினால் கசங்கும், இஸ்திரிப் பெட்டியும் கூடாது என்று நீங்களே சொன்னீர்கள், அப்புறம் விருந்துக்குக் கசங்கிய சேலையோடு போகச் சொல்கிறீர்களா என்று சம்பந்தியம்மா அத்தனையையும் பிரித்து மறுபடி மடித்தார். டார்ச் லைட்டை விட்டுக்கொடுத்தார். ஆனால் தலையணையில் கைவைத்தபோது, "அது முடியாது" என்று ஒரேயடியாக நிறுத்தினார். கப்பலில் தலையணை கொடுப்பார்கள் என்றதற்கு, கொடுக்கட்டும், அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு தலையணை வைத்தால் குறட்டை குறையும் என்று கேள்வி என்றார். தலையணை உள்ளே போயிற்று. பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தது பிரேக்கம்மாதான். ஒல்லி உடம்பை வைத்துக்கொண்டு சம்பந்தியம்மாவால் அந்தக் காரியம் ஆகாது.

வெள்ளிக்கிழமை எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி நடந்தது. முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டே லீவு கொடுத்திருந்தார். மகள் துறைமுகத்தில் இறக்கிவிட்டாள். அடுக்குமாடிக் குடியிருப்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டது மாதிரி வெள்ளையாக நின்றது கப்பல். எக்ஸ்ரே வாசலில் முன்னால் நின்றவர்களின் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிரேக்கம்மா திரும்பிப் பார்த்த பார்வையில், சொன்னேனா இல்லையா என்பது எழுதி ஒட்டியிருந்தது. பெரிய பெட்டிகள் வராமல் மற்றவர்கள் அல்லாடியபோது இவர்கள் கைப்பையில் இருந்து மாத்திரை போட்டுக்கொண்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய் நல்ல இடமாகப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். கரை மெல்ல நழுவியது. வேறு யாரோ ஓட்டுகிற வண்டியில் சும்மா உட்கார்ந்து வருவது விசித்திரமாக இருக்கிறது, கால் தானாகத் தரையை மிதிக்கிறது என்றாள் பிரேக்கம்மா. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், எதிரே ஒரு படகு வந்தபோது நன்றாகவே மிதித்தீர்கள் என்றார் சம்பந்தியம்மா.

அறையில் கட்டில்கள் பயந்தபடியே நெருக்கமாக இருந்தன. பேசிக்கொண்டபடி விளக்கு அணைந்தது. கோப்பையில் ஏதோ விழும் சின்னச் சத்தம் கேட்டது. பிரேக்கம்மா சுவர்ப்பக்கம் திரும்பியதுதான் தெரியும், தூங்கிப்போனாள். காலையில் கண்விழித்தபோது சம்பந்தியம்மா குளித்து, சேலை கட்டி, பல்லும் மாட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"தூங்கினீங்களா?" என்று பிரேக்கம்மா கொஞ்சம் பயத்தோடுதான் கேட்டாள்.

"தூங்கினேன். நடுவுல ஒரு தடவை கப்பல் எஞ்சின் நின்னுடுச்சுன்னு பதறி எழுந்தேன். அப்புறம் பார்த்தா நீங்க புரண்டு படுத்திருக்கீங்க."

அன்றைக்குப் பூராவும் அந்த ஒல்லி மனுஷி பேசித் தீர்த்தார். தீவில் மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். மத்தியானம் கொஞ்சம் அலை எழும்பியபோது பிரேக்கம்மாவுக்குத்தான் வயிற்றைப் பிரட்டியது. நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு, எலுமிச்சை கேட்டு வாங்கிவந்து முகரக் கொடுத்தது சம்பந்தியம்மா. விருந்து மேஜையில் முன்பின் தெரியாத தம்பதியிடம், வராத நெஞ்சுவலி கதையை அவரே வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னார். பல் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார். அது அவருடைய இஷ்டம் என்று பிரேக்கம்மா தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். எழுந்து வரும் வழியில் சம்பந்தியம்மா அவள் கையைக் கோத்துக்கொண்டார். கப்பல் ஆடுகிறது என்று காரணம் சொன்னார். கப்பல் அப்போது ஆடவில்லை.

விருந்து முடிந்து அறைக்கு வந்ததும், பெரிய பெட்டிகளைத் தூங்குவதற்கு முன் வாசலில் வைத்துவிட வேண்டும், ஆட்கள் வந்து எடுத்துப்போய்க் கரையில் சேர்த்துவிடுவார்கள் என்றாள் பிரேக்கம்மா. திரும்பும்போது அடுக்குவது ஒரு வேலையே இல்லை. கசங்கினதைத் திணிக்க வேண்டியதுதான். இரண்டு பெட்டியையும் அவளே மூடி, வரிசையாக வெளியே நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டுத் திருப்தியாகத் தூங்கினாள்.

ஞாயிறு காலை குளித்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். வெறும் கொக்கிகள் தொங்கின. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள். கைப்பையைத் தலைகீழாகக் கொட்டினாள். மாத்திரை, சார்ஜர், அடையாள அட்டை எல்லாம் இருந்தன. கொண்டுவந்த மாற்றுத்துணியை வெள்ளிக்கிழமையே உடுத்தி முடித்திருந்தாள். பேண்ட், சட்டை, ஸ்வெட்டர் அத்தனையும் பெட்டியில், பெட்டி எங்கோ கப்பலின் அடிவயிற்றில். உடம்பில் இருந்தது நீலப்பூப் போட்ட நைட்டி ஒன்றுதான்.

வரும்போது கைப்பைக்குள் என்னென்ன என்று அத்தனை யோசித்தவள், போகும்போது எதை உடுத்துவது என்று யோசிக்கவில்லை.

சம்பந்தியம்மா தன் கைப்பையைத் திறந்தார். தான் ஒரு சேலையை உடுத்திக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றையும் அதில் மடித்து வைத்திருந்தார். ரவிக்கை பிரேக்கம்மாவின் ஒரு கைக்குக்கூட உறையாகாது. ஆனால் சேலைக்கு அளவு கிடையாதே. நைட்டியின் மேலேயே சுற்றி, கொசுவம் வைத்து, தோளில் ஊக்கு குத்தி, இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். நீலப்பூக் கையும் அரக்குச் சேலையுமாக நின்றவளைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சிரிச்சுடுங்க சம்பந்தி. அடக்கினா வயித்துவலி வரும்" என்றாள் பிரேக்கம்மா.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். நடைபாதையிலும் படியிலும் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிரேக்கம்மா நிமிர்ந்த தலை குனியாமல், ஊரே வாங்கிக் கொடுத்த சேலை மாதிரி முந்தானையை வீசிக்கொண்டு இறங்கினாள். முந்தின இரவு ஒன்றாகச் சாப்பிட்ட தம்பதி எதிர்ப்பட்டபோது நின்று நலம் விசாரித்தாள். கரையில் பெட்டிகள் வரிசையாக நின்றன. இதோ பெட்டி வந்துவிட்டது, அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறது, மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று சம்பந்தியம்மா சொன்னார். எல்லோரும்தான் பார்த்தாயிற்றே, இனிமேல் யாருக்காக மாற்றுவது என்று பிரேக்கம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

வாசலில் மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற காரின் பின் இருக்கையில், மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு மருமகன். மகள் அம்மாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கீழிருந்து மேலும் பார்த்தாள்.

"என்னம்மா இது? மானமே கப்பலேறிடுச்சு."

"ஏறினா என்ன? அதான் இறங்கிடுச்சே" என்றாள் அம்மா.

அதற்கு முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். பட்டப்பகலில், நடுத்தெருவில், வாயை மூடாமல் சிரித்தார். தன் அம்மா அப்படிச் சிரித்துப் பார்த்திராத மகன் காரின் ஜன்னலில் இருந்து தலையை நீட்டி, அம்மா, உங்களுக்கு என்னாச்சு என்று கேட்டான். ஒன்றும் ஆகவில்லை, முன்னால் போய் உட்கார், நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்றார் அவர். பிரேக்கம்மா பெட்டிகளைத் தூக்கி டிக்கியில் வைத்து மூடினாள்.